கீழ போய் என்ன சொல்வீங்க

அது வெட்கம் இல்லைங்க. கீழ எல்லாரும் சிரிச்சாங்களே, என் கையில ட்ரே ஆடி டம்ளர்லாம் கடகடன்னு சத்தம் போட்டப்போ. பொண்ணுக்கு வெட்கம்னு எங்க கங்கையம்மா அத்தை சும்மா சமாளிச்சாங்க. என் கை அப்படித்தான் நடுங்கும். இப்பகூட பாருங்க. இல்ல, எனக்கு நாற்காலி வேணாம், நின்னா கொஞ்சம் தேவலை. நீங்க உக்காருங்க. பார்த்து, அந்தப் பக்கம் வத்தல் காயுது.

பத்து நிமிஷம்தானே குடுத்திருக்காங்க? உங்க சித்தப்பா வாட்சைப் பார்த்துட்டே மொட்டை மாடிக்கு அனுப்பினாரு. அதனால நான் கடகடன்னு சொல்லிடறேன். அனுப்பிரியா, எம்.காம்., அமைதியான பொண்ணுன்னு பயோடேட்டாவுல போட்டிருக்காங்க இல்ல, அது பொய் கிடையாது. நான் யார்கிட்டயும் இவ்ளோ பேசினதில்ல. இதெல்லாம் நாலு நாளா கண்ணாடி முன்னாடி சொல்லிப் பார்த்தது. நடுவுல கேள்வி கேட்டீங்கன்னா மறந்துடும்.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு நாள் தாம்பரத்துல ட்ரெயின் ஏறினேன், கிண்டியில ஆபீஸ். பல்லாவரம் தாண்டினதும் நெஞ்சு அடிச்சுக்க ஆரம்பிச்சுது. படபடப்புன்னு சொல்றாங்களே, அது ரொம்ப சின்ன வார்த்தைங்க. விரல் நுனி மரத்துப் போச்சு, தொண்டையில எதோ உருண்டை மாதிரி, மூச்சு உள்ள போகவே இல்ல. செத்துடப் போறேன்னு நினைச்சேன். யாரோ ஒரு அக்கா திரிசூலத்துல என்னை இறக்கி, அவங்க ட்ரெயினையும் விட்டுட்டு கூடவே உக்காந்திருந்தாங்க. அப்புறம் ஆஸ்பத்திரி, ஈசிஜி. ஒண்ணும் இல்லம்மா, நார்மல்னாங்க. சந்தோஷப்படணும்ல? நான் அழுதேன். ஒண்ணுமே இல்லன்னா, அப்ப எனக்கு வந்தது என்ன?

அந்த மாதிரி நாலு ஈசிஜி எடுத்தாச்சு. நாலாவது தடவை டூட்டியில இருந்த டாக்டரம்மாதான், இது ஹார்ட் இல்லம்மா, பயம், அதுக்கும் மருந்து இருக்குன்னு மனநல டாக்டருக்கு சீட்டு எழுதிக் குடுத்தாங்க.

ஆமா. மாத்திரை சாப்பிடறேன். தினமும் காலையில ஒண்ணு.

சொல்லிட்டேன் பாருங்க. இதைச் சொல்லவே கூடாதுன்னு காலையில அம்மா சாமி படத்துக்கு முன்னாடி நிக்க வச்சு சத்தியம் வாங்கினாங்க.

இல்லல்ல, பைத்தியம்லாம் இல்ல. நீங்க கேக்கல, தெரியும். உங்க முகம் கேட்டுச்சு. பரவால்ல, எல்லார் முகமும் கேக்கும்.

ஒரு நிமிஷம், இந்த பிளேன் போகட்டும். ஏர்ஃபோர்ஸ் ட்ரெயினிங். சேலையூர்ல வீடுன்னா இதையும் சேர்த்துதான்.

மாத்திரை போட்டதும் எல்லாம் சரியாகிடும்னு நினைச்சேன். முதல் ரெண்டு வாரம் குமட்டல், கொட்டாவி, வாய் அப்படியே காஞ்சு போகும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா அடங்கிச்சு. முழுசா போகல. இப்பவும் வரும், ஆனா வந்தா இதுதான்னு தெரியும். மூச்சை இழுக்கறதைவிட விடறது நீளமா இருக்கணும். குளுந்த தண்ணி பாட்டிலைக் கையில பிடிச்சுக்கணும். சுத்தி இருக்கறதை ஒண்ணொண்ணா பார்த்து மனசுக்குள்ள சொல்லணும். கீழ உங்களை அப்படித்தான் பார்த்துட்டிருந்தேன். புதுச் சட்டை, மடிப்புக் கோடு இன்னும் போகல. இடது கால் சாக்ஸ்ல சின்ன ஓட்டை. உங்கம்மா ஒவ்வொரு பஜ்ஜியையும் டிஷ்யூவுல ஒத்தி ஒத்தி எண்ணெய் எடுத்தாங்க. அய்யோ, காலை மறைக்காதீங்க. அந்த ஓட்டையாலதான் ட்ரேயைக் கீழ போடாம வந்தேன்.

உங்களுக்கு முன்னாடி ஒரு இடம் வந்துச்சு. வண்டலூர் பக்கம். அவங்க கூட வந்த ஒரு பெரியம்மா, பொண்ணு ரூமைப் பார்க்கலாமான்னு உள்ள வந்தாங்க. மேஜையில மாத்திரை அட்டை இருந்துச்சு. திருப்பிப் பார்த்தாங்க. அவங்க சொந்தத்துல யாரோ மெடிக்கல் ஷாப் வச்சிருக்காங்களாம். சாயங்காலமே போன் வந்துடுச்சு, ஜாதகம் இன்னொரு இடத்துல காட்டினோம், சரியா வரலன்னு. ஆனா தரகர்கிட்ட உண்மையைச் சொல்லியிருக்காங்க. மாத்திரை திங்கற பொண்ணை வச்சுக்கிட்டு நாங்க என்ன பண்றதுன்னு. தரகர் அதை அப்படியே அம்மாகிட்ட சொல்லிட்டாரு. அம்மா நாலு நாள் சரியா சாப்பிடல. எனக்காகத்தான் இவ்ளோ வருத்தப்படறாங்கன்னு நினைச்சேன்.

அன்னையிலேந்து அம்மா ஒரு வேலை ஆரம்பிச்சாங்க. நான் மாத்திரை வாங்கிட்டு வந்ததும் ஒண்ணொண்ணா பிதுக்கி எடுத்து, பழைய சத்து மாத்திரை டப்பா ஒண்ணுல போட்டு சமையல் ரூம்ல வச்சிடுவாங்க. அட்டையெல்லாம் பொடிப்பொடியா கத்திரிச்சு குப்பையில. டாக்டர் திட்டினாரு, அட்டையில இருந்தாதான் கெடாது, கணக்கும் தெரியும்னு. வீட்ல யாரு கேக்கறா.

அதுல ஒரு கோளாறு. டப்பாவுல முப்பது மாத்திரை போட்டு வச்சா பதினஞ்சு, பதினாறு நாள்ல தீர்ந்துடும். முதல்ல நான்தான் மறந்து ரெண்டு ரெண்டா போட்டுக்கறேனோன்னு பயந்துட்டேன். அந்த பயத்துலயே இன்னும் ரெண்டு தடவை படபடப்பு வந்துச்சு. சிரிங்க, பரவால்ல. அப்புறம் போன்ல தினமும் எழுதி வச்சேன். நான் ஒண்ணுதான் போடறேன்.

போன மாசம் ஒரு நாள் ஐடி கார்டை மறந்துட்டு பாதி வழியில திரும்பி வந்தேன். கதவு திறந்திருந்துச்சு. அம்மா சமையல் ரூம்ல முதுகைக் காட்டிட்டு நிக்கறாங்க. குழாயில தண்ணி கொட்டிட்டிருக்கு, மூடணும்னு தோணல அவங்களுக்கு. டப்பாலேந்து ஒண்ணு எடுத்து வாயில போட்டாங்க. அப்புறம் நெஞ்சுல கையை வச்சு, கண்ணை மூடிட்டு, வாயைக் குவிச்சு மெதுவா மூச்சை விட்டாங்க. நான் பண்றதைப் பார்த்துக் கத்துக்கிட்டிருக்காங்க.

நான் சத்தம் போடாம வெளிய போய், செருப்பை மாட்டிக்கிட்டு, காலிங் பெல் அடிச்சேன்.

எங்கம்மாவுக்கு எப்பவும் கேஸ் ட்ரபிள்தாங்க. கல்யாண மண்டபத்துல கூட்டம் சேர்ந்தா கேஸ், பஸ் நெரிசல்ல கேஸ். பாதியில எழுந்து வெளிய போய் நின்னுடுவாங்க. இவளுக்கு ஓசிச் சாப்பாட்டைப் பார்த்தாலே கேஸ் பிடிச்சுக்கும்னு அப்பா நாலு பேர் நடுவுல சொல்லுவாரு. எல்லாரும் சிரிப்போம். நானும்தான் சிரிச்சிருக்கேன். இருபத்தெட்டு வருஷமா ஓமத்தண்ணியைக் குடிச்சே ஓட்டியிருக்காங்க.

டாக்டர்கிட்ட சொன்னேன். ஒருத்தர் மாத்திரையை இன்னொருத்தர் சாப்பிடக்கூடாது, திடீர்னு நிறுத்தவும் கூடாது, உடனே கூட்டிட்டு வாங்கன்னாரு. எப்படிங்க கூப்பிடறது? எனக்கு வந்ததையே ஊருக்குத் தெரியாம மறைக்கறவங்க. தனக்கு வந்ததை எனக்கே மறைக்கறாங்க.

உங்க சித்தப்பா கூப்பிடறாரு. போலாம், இருங்க, இன்னும் ஒண்ணே ஒண்ணு.

பிடிச்சிருந்தா உங்க வீட்ல நீங்களே பொறுமையா சொல்லிக்கோங்க. வேணாம்னா வேணாம்னு சொல்லிடுங்க, எனக்கு வருத்தம் இல்ல. வருத்தம்தான், ஆனா தாங்கிப்பேன். உயரம் பத்தல, கலர் பத்தல, ரொம்ப வாயாடி, எது வேணா சொல்லுங்க. மாத்திரைன்னு மட்டும் சொல்லாதீங்க. தரகர்கிட்டகூட வேணாம். அந்த வார்த்தை இன்னொரு தடவை அம்மா காதுல விழுந்தா அவ்ளோதான், எங்கயும் வர மாட்டாங்க.

வியாழக்கிழமை டாக்டர்கிட்ட போறேன். தனியா போக பயமா இருக்கு, துணைக்கு வாம்மான்னு கேட்டேன். சரின்னாங்க. டோக்கன் ரெண்டு போட்டிருக்கேன்.