துண்டுக்குள் பேசிய விலை

பழைய காருக்கு விலை போடுவதும் மாட்டுக்கு விலை போடுவதும் ஒன்றுதான், சார். இரண்டிலும் விற்கிறவன் வாயைப் பார்க்கக் கூடாது. உருப்படியைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

எங்களுக்கு நல்லேப்பிள்ளியில் நெல் வயல், இங்கே சாந்தன்பாறையில் ஏலத்தோட்டம். தோட்டத்து ஷெட்டில்தான் அந்தக் கார் நின்றது. இரண்டே இருக்கை, துணிக்கூரை, குங்குமச் சிவப்பு. பந்தயத்தில் ஓடிய சீமைக் கார் என்று ஒருவன் சொல்ல, எட்டு ஏக்கர் வயலைக் கொடுத்து என் அப்பா வாங்கினார். "எட்டு ஏக்கர் மேல உக்காந்து போறாரு பாருங்க" என்று டீக்கடையில் சிரித்தார்கள். அப்பா சாகும்வரை ஒன்றையே சொன்னார்: "இதோட மதிப்பு ஒரு நாளைக்கு ஊருக்குத் தெரியும்டா அப்புசாமி." எனக்கு எழுபத்துநான்கு வயது. அந்த நாளுக்காகத்தான் விறைப்பாக நடமாடிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் பாகப்பிரிவினைப் பேச்சு வந்தது. "விலை போடறதுக்குன்னே ஆள் இருக்குதுங்கண்ணா, கூட்டியாரேன்" என்றான் தம்பி தனபால். அப்படித்தான் கோயம்புத்தூரிலிருந்து கோகுல்நாத் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் காரைத் தொட்டார். மரியாதை தெரிந்தவர், அது எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துக் காரின் மேல் ஓட்டினார். பல இடங்களில் ஒட்டாமல் வழுக்கியது. தகரம் இல்லையாம், ஓட்டையைப் பட்டிப் பசை வைத்து அடைத்திருக்கிறார்களாம். அடியில் படுத்தார், வெகுநேரம் எழவில்லை.

எங்கள் குடும்பத்தில் விலையை வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் இல்லை. துண்டைப் போட்டு, அதற்குள் விரலைப் பிடிப்போம்.

"மாட்டுச் சந்தையாட்டவா, ஐயா?" என்று சிரித்தார்.

"ஆமாங்க தம்பி. ஒரு விரலுக்குப் பத்து லட்சம்."

துண்டுக்குள் கையை விட்டார். என் சுண்டுவிரலில் பாதியைப் பிடித்தார். தவறிப் பிடித்திருப்பாரோ என்று துண்டை விலக்கிப் பார்த்தேன். பாதிதான்.

"எஞ்சின் ஏதோ வேன்ல கழட்டுனதுங்க. மேல கொஞ்சந்தான் சீமை. உங்கப்பாவைக் குத்தம் சொல்லலீங்க ஐயா. வித்தவன் கெட்டிக்காரன்."

"என் தம்பிகிட்டச் சொல்லீட்டீங்களா?"

"இல்லீங்க. சாயங்காலம் வர்றாரே, எழுதியே குடுத்தர்றேன்."

எழுதிய காகிதம் டீக்கடை வரைக்கும் போகும். அதை அவர் யோசிக்கவில்லை. சின்ன வயது.

"ஓட்டிப் பாக்காம விலை போடலாமுங்களா?" என்றேன்.

"அதுவுஞ் சரிதானுங்க" என்று ஏறிக்கொண்டார்.

என்ன ஓட்டம் சார் அது. கூரையை மடித்துவிட்டேன். பூப்பாறை தாண்டியதும் ஏலக்காய் வாசனை முகத்தில் அறைந்தது. ஒவ்வொரு வளைவிலும் வயிற்றுக்குள் யாரோ ஊஞ்சலாடுவது போல இருந்தது. நான் சிரித்தேன். வேட்டி பட்டமாக எழும்பியது, அதற்கும் சிரித்தேன். "மெதுவாங்கய்யா, இது வேன் எஞ்சினுங்க" என்று அவரும் சிரித்தார். அப்பாவும் இப்படித்தான் சிரித்திருப்பார், எட்டு ஏக்கரும் காற்றில் பறக்கப் பறக்க.

போடிமெட்டுச் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டேன். உங்கள் எல்லைக்குள்தான். வேறு மாநிலத்துக்குக் கடிதம் எழுதும் சிரமம் உங்களுக்கு இல்லை.

போன மழையில் தடுப்புச்சுவர் விழுந்த வளைவு அது. தோட்டத்துக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். மூடுபனி நன்றாக இறங்கியிருந்தது.

"காரோட மூக்கு முழுசா விழற மாதிரி ஒரு போட்டோ எடுங்க தம்பி. இன்னுங் கொஞ்சம் பின்னாடி போங்க" என்றேன். போனார். மரியாதை தெரிந்தவர் என்று சொன்னேனே. "இன்னுங் கொஞ்சம்" என்றேன்.

நான் தள்ளவில்லை. மாறாக, அவர் வேரைப் பிடித்துத் தொங்கியபோது, இந்த வயதில் மண்ணில் குப்புறப் படுத்துக் கையைக் கொடுத்தேன். அப்போதுதான் என் தோளிலிருந்த துண்டு வழுக்கி எங்கள் இருவர் கையையும் மூடியது. சத்தியமாக, நான் போடவில்லை. தானாக விழுந்தது.

முதலில் ஒரு விரலைப் பிடித்தார். பிறகு இரண்டு. அப்புறம் ஐந்தையும் சேர்த்து, எலும்பு நோக இறுக்கிப் பிடித்தார். ஐந்து விரல், சார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"அம்பதுங்களா தம்பி?" என்று உறுதி செய்துகொண்டேன்.

"ஆமாங்க, ஆமாங்கய்யா, விட்றாதீங்க" என்றார்.

விலை படிந்துவிட்டால் கையை விட வேண்டும். அதுதான் முறை. விட்டேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் விசிலடித்துக்கொண்டே ஓட்டினேன். பிறகு நானேதான் காரை உங்கள் ஸ்டேஷன் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். குடும்பத்துக்காரன் ஒளிந்து திரிய முடியாது. மீதியை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வண்டியைக் கைப்பற்றும் மகஜரில் மதிப்பு என்று ஒரு கட்டம் இருக்குமே, அதில் மட்டும் ஐம்பது லட்சம் என்று எழுதுங்கள். நானாகச் சொல்லவில்லை. விவரம் தெரிந்த ஆள், வற்புறுத்தல் இல்லாமல், கைபிடித்துச் சொன்ன விலை.