மெத்தை மேல் ஆடினவர்

– மெதுவா... மெதுவா தேய்! இது முதுகு, நீ துடைக்கிற தரை இல்லை.

– அசையாம குப்புறப் படுங்க. எப்படிப் பிடிச்சுதுன்னு சொன்னீங்க?

– அதான் சொன்னேனே... தையல் மிஷினைத் தூக்கி நகர்த்தினேன்.

– கடையையே பெயின்ட் அடிக்கறாங்கன்னு மூடிட்டீங்களே?

– அ... அதுக்குத்தான் நகர்த்தினேன். மிஷினுக்குப் பின்னாடி இருக்கற சுவருக்கும் அடிக்க வேணாமா?

– கதையும் நல்லாத்தான் தைக்கிறீங்க. இங்க வலிக்குதா?

– ஆ!

– இங்க?

– ஐயோ, அங்கேயேதான்!

– இது பாரம் தூக்கின வலி இல்லைங்க. காலை ஊனிக்கிட்டு இடுப்பை மட்டும் சடார்னு திருப்பினா வர்றது.

– நீ நர்ஸா, போலீஸா?

– ரெண்டும்தான். கேட்டுக்கோங்க... எடுத்த எடுப்புல இறங்கக் கூடாது. முதல்ல நின்ன இடத்துலயே கொஞ்சம் நடந்து, தோளைச் சுத்தி, உடம்பைச் சூடு பண்ணிக்கணும். முட்டியை விறைப்பா வைக்கக் கூடாது. திரும்பினா பாதமும் சேர்ந்து திரும்பணும்.

– ம்... பாதமும் சேர்ந்து...

– ரெண்டு பாட்டு முடிஞ்சா உட்கார்ந்து தண்ணி குடிக்கணும். மூச்சு வாங்கினா அன்னிக்கு அதோட நிறுத்திடணும்.

– சரி, அப்புறம்... இரு. பாட்டா? மிஷினை நகர்த்த எதுக்குடி பாட்டு?

– அதைத்தான் நானும் கேக்கறேன். எதுக்குங்க பாட்டு? பொண்ணு ரூம்ல டிவிக்கு முன்னாடி மெத்தை எதுக்குக் கிடக்கு?

– படுத்துக்கிட்டு... நியூஸ்...

– மெத்தை நடுவுல ரெண்டு பாதம் அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கு. படுத்தா அப்படியா விழும்?

– சரி, ஆடினேன்! போதுமா? அவ விட்டுட்டுப் போன அந்த டான்ஸ் கேம். திரையில பொம்மை ஆடும், அதே மாதிரி நாம ஆடினா மார்க் போடும்.

– அதை மெத்தை மேலயா ஆடுவாங்க?

– தரையில குதிச்சா பகல்ல தூங்கற உனக்குக் கேக்குமே! சத்தத்தையும் அணைச்சு வச்சுட்டேன். தாளம் கேக்காதா... பொம்மையவே பார்த்து, குனிஞ்சு குனிஞ்சு...

– நல்லா இருக்கு போங்க! மெத்தையில கால் புதையும், பாரமெல்லாம் இடுப்புக்குத்தான் போகும். வழுக்காத கெட்டித் தரையில, ஷூ போட்டுக்கிட்டு ஆடணும். திரை கண்ணுக்கு நேரா இருக்கணும். இந்தத் திருட்டு ஆட்டம் எதுக்கு?

– சிரிக்க மாட்டேன்னு சொல்லு.

– முதல்ல சொல்லுங்க, அப்புறம் பார்க்கலாம்.

– நம்ம குட்டிதான். அவ வேலை பார்க்கற ஊர்ல இருந்து நெட்ல ஆடுவா, நான் இங்க இருந்து ஆடணும். "ஒரே ஒரு தடவை என்னை ஜெயிச்சுக் காட்டுப்பா, லீவுக்கு வீட்டுக்கு வரேன்"னா. போன லீவுக்கும் வரலை, அதுக்கு முந்தின லீவுக்கும் வரலை. எப்பப் பாரு வேலை, வேலை... எனக்கு வேற வழி தெரியலை.

– அம்மாகிட்ட சொல்லாதேன்னாளா?

– ஆமா... இன்னிக்குத்தான் கடைசி நாள். நாளையில இருந்து டிக்கெட் கிடைக்காதாம். எழுந்து நிக்கவே முடியலை, நான் எங்க ஜெயிக்கறது? இந்தத் தடவையும் வரமாட்டா. அவ இல்லாம வீட்டுல இருக்கவே பிடிக்கலைடி எனக்கு.

– சரி சரி... கண்ணைத் துடைங்க. மல்லாந்து படுத்து, முட்டியை ஒவ்வொண்ணா நெஞ்சுக்கு இழுங்க. அவசரப்படாம.

– ம்... ஆமா, நீ ஏன் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டே எழுந்திரிக்கிற?

– ராத்திரி பூரா வார்டுல நிக்கறேன்ல...

– கட்டிலுக்கு அடியில புது ஷூ ஒண்ணு இருக்கே. நடக்கப் போறேன்னு வாங்கினது. நீ தெருமுனை வரைக்கும்கூட நடந்து நான் பார்த்ததில்லையே?

– அது... மழை...

– என் முகத்தைப் பார்த்துச் சொல்லு.

– ...என்கிட்டயும் அதே பந்தயம்தாங்க. "அப்பாகிட்ட சொல்லாதே"ன்னா.

– அடிப்பாவிங்களா! நீ எப்ப ஆடுவ?

– டியூட்டி முடிஞ்சு வந்து, நீங்க கடைக்குப் போன பிறகு. கடையை மூடினதும் அதுவும் போச்சு. இடுப்பு பிடிச்சுக்கிட்டு எங்க ஆஸ்பத்திரி பிசியோதெரபிஸ்ட்கிட்டயே போய் நின்னேன். இப்ப உங்களுக்குச் சொன்னதெல்லாம் அவங்க என்னைத் திட்டினது.

– அப்ப நீயாவது ஜெயிச்சியா?

– எங்க! அவளை யாரால ஜெயிக்க முடியும்?

– போச்சு... ரெண்டு இடுப்பு போனதுதான் மிச்சம்.

– அவ வெள்ளிக்கிழமை வர்றா.

– என்னது?

– நேத்து சத்தமே இல்லாத பாட்டுக்கு நீங்க சுத்தோ சுத்துன்னு சுத்தி, மெத்தையில தொப்புனு விழுந்தீங்களே, அதைக் கதவிடுக்குல நின்னு போன்ல பிடிச்சு அவளுக்கு அனுப்பினேன். விழுந்து விழுந்து சிரிச்சா, அப்புறம் ஓன்னு அழுதா, உடனே டிக்கெட் எடுத்துட்டா.