பிரசவ விடுதிச் சன்னலுக்கு நான் நெய்த வலை

அவைக்குத் தலைமை தாங்கும் பெருந்தகை காளியண்ணன் அவர்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் ஊர்ப் பெரியவர்களே! தறியே தஞ்சமென வாழும் குமாரபாளையத்துத் தோழர்களே! கைக்குழந்தைகளோடு வந்திருக்கும் தாய்மார்களே! நிமிர்ந்து வணக்கம் சொல்லும் தகுதியை இழந்துவிட்ட மருதாசலத்தின் தலைகுனிந்த வணக்கம்.

நம் பிரசவ விடுதிச் சன்னல்களுக்குப் பித்தளை வலை போட்டவன் என்று தலைவர் எனக்குப் பட்டாடை போர்த்த வந்தார். வேண்டாமென்றேன். தன்னடக்கம் என்று கைதட்டினீர்கள். ஐயா, அது அடக்கம் அல்ல, அவமானம்!

சென்ற ஆண்டு தை மாதம் விடுதிக் கமிட்டி கூடியபோது, டாக்டரம்மா மூன்று துண்டுகளை மேசைமேல் வைத்தார். ஒன்று இரும்புக் கம்பி வலை, ஒன்று பித்தளைக் கம்பி வலை, ஒன்று நூல் வலை. "ஆற்றங்கரை ஈரத்தில் இரும்பு துருப்பிடிக்கும், நூல் தொய்ந்துபோகும். பித்தளையே போடுங்கள். அங்குலத்துக்குப் பதினாறு கண் இருந்தால் காற்று வரும், கொசு வராது" என்றார். கற்றவர் கனிவோடு சொன்னார். கமிட்டிச் செயலாளன் என்ற கர்வம் பிடித்த நான் கேட்டேனா?

"தறி ஓடற ஊர்ல கம்பி வலைங்களா? அக்கரையில பவானிக்காரங்க சிரிக்க மாட்டாங்களா?" என்றேன். கமிட்டி தலையாட்டியது.

நானே நெய்தேன். நெருக்கி நெய்தேன். தூக்கிப் பிடித்தால் வெளிச்சம் தெரியக் கூடாது, தெரிந்தால் அது திருட்டு நெசவு என்று பழகிய கண் இது. அங்குலத்துக்குப் பதினாறு என்பதை இந்தக் கண் ஏற்குமா? நாற்பது இழை போட்டேன். கஞ்சி போட்டு விறைப்பாக்கி, கீல் வைத்த சட்டங்களில் இழுத்து அடித்தேன். சட்டத்தைச் சாத்தினால் கொசு வரவில்லை. காற்றும் வரவில்லை!

சித்திரை வெயில் வந்தது. விடுதியில் ஆயா வேலை பார்த்த அங்காளம்மாள் என்னைத் தேடி வந்தார்.

"காத்தே வல்லீங்க சாமி. பச்சை ஒடம்புக்காரிக மூச்சு முட்டிக் கெடக்கறாங்க. தாங்க மாட்டாம சட்டத்தைத் தொறந்து போடறாங்க. கொசு மொய்க்குதுங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சாத்தி வெக்கறதுக்குத்தான் உன்னைய வெச்சிருக்குது. என்ற நெசவைக் குத்தஞ் சொல்ல நீ யாரு?"

அந்த மாதம் நம் ஊர்ப் பெண் ஆராயி அந்த விடுதியில் தலைப்பிள்ளை பெற்றாள். பத்தொன்பது வயது. பன்னிரண்டாம் நாள் கொசுக்கடியால் குளிர்க்காய்ச்சல் கண்டது. இருபதாம் நாள் போய்விட்டாள். ஊர் திரண்டது. விடுதி வாசலில் நின்று, உங்கள் எல்லோர் முன்னிலையிலும் அங்காளம்மாளைச் சுட்டிக்காட்டி, "சன்னலைத் தொறந்து உட்டவ இவதான்" என்றேன். அன்றே வேலையிலிருந்து நிறுத்தினேன். நீங்களும் நம்பினீர்கள். நம்பும்படிப் பேசத் தெரிந்த நாக்கு இது, நாசமாய்ப் போன நாக்கு!

என்ன ஐயா அங்கே? "விடுங்க, போனது போச்சு" என்கிறீர்களா? போனவள் உங்கள் வீட்டுப் பெண்ணானால் விடுவீர்களா?

வைகாசியில் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, "நடுப்பகலில் சட்டங்களைச் சாத்திவிட்டு ஆராயி படுத்திருந்த கட்டிலில் ஒரு மணி நேரம் உட்காருங்கள்" என்றார். உட்கார்ந்தேன். கால் மணி ஆகவில்லை. சட்டை நனைந்தது. நெஞ்சு அடைத்தது. எழுந்து போய்ச் சட்டத்தைத் திறந்தது யார்? அங்காளம்மாளா? ஆராயியா? இந்தக் கை! வலையை நெய்த இதே கை!

அப்போதாவது வெளியே வந்து உண்மையைச் சொன்னேனா? இல்லை. ஓசைப்படாமல் பித்தளை வலை வரவழைத்தேன். மாற்றினேன். நீங்கள் பாராட்டினீர்கள். பத்து மாதம் அந்தப் பாராட்டைப் பல்லிளித்து வாங்கிக்கொண்டேன். வெட்கம்! வெட்கம்!

அங்காளம்மாள் தாய்மார் பக்கம் கடைசி வரிசையில் இருக்கிறார். அம்மா, எழுந்து போகாதீர்கள். சன்னலில் குற்றமில்லை, திறந்தவர்களிடம் குற்றமில்லை, உங்களிடம் துளியும் குற்றமில்லை. குற்றவாளி நான். மன்னியுங்கள். உங்கள் வேலையைத் திருப்பித் தரும்படி தலைவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

என்ன சொல்கிறீர்கள் அம்மா? அமைதி, அமைதி! அவர் பேசட்டும்.

"எங்கிட்டச் சொல்லீட்டீங்க, சரிங்க சாமி. ஆராயி ஆத்தாகிட்டச் சொன்னீங்களா?" என்று கேட்கிறார்.

சொல்லவில்லை, தாயே. ஆயிரம் பேர் முன்னால் அழத் துணிந்தவன், அந்த ஒருத்தி முகத்தைப் பார்க்கத் துணியவில்லை. அவர் இங்கே வரவில்லை என்று தெரிந்துதான் மேடையேறினேன். அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பேச்சை இத்துடன் நிறுத்துகிறேன். பொறுமையாய்க் கேட்ட பெரியோர்க்கும் தாய்மார்க்கும் நன்றி. கைதட்டாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். நான் நேரே ஆராயி வீட்டுக்குப் போகிறேன். அங்காளம்மா, தனியே போக எனக்குப் பயமாக இருக்கிறது. கூட வருவீர்களா? வணக்கம்.