கல்லில்லாத அரிசி

ரேஷன் அரிசியின் கல்லைத் திட்டாத ஒருத்தியை ராயபுரம் கடை வரிசையில் அன்றுதான் பார்த்தேன். எனக்கு முன்னால் நின்றவள், பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள்:

"போன வாரம் அரிசில கல்லே இல்லக்கா. பேஜாராப் பூட்சு."

"இதுக்கா அழுவுற?"

"அவரு படுத்த படுக்கையா கீறாரு, கோயிலுக்குப் போவ முடியல. ஒரு கல்லு பொறுக்குனா ஒரு ஸ்தோத்திரம் சொல்லுவேன். அதான் எனக்குக் கோயிலு."

"என் வூட்டு அரிசியக் குடுக்கறேன். கல்லு கொள்ளையா கீது."

"வாணாங்க்கா. அன்னிக்குக் கல்லு இல்லாம, முறத்த மடில வச்சிகினு சும்மா குந்திகினு இருந்தேன். வாயே தொறக்கல. உள்ள ஸ்தோத்திரம் அது பாட்டுக்கு ஓடிகினே இருந்துச்சு. அவரு பாத்துட்டு, 'இன்னாடி சிரிக்கிற?'ன்னாரு. நான் சிரிச்சது எனக்கே தெரியாதுக்கா."