பொங்கலுக்கு நான் கை தூக்கியது

தேயிலைக் கொழுந்துக்குத் தீபாவளியும் தெரியாது, பொங்கலும் தெரியாது. இன்று பறித்து வாடப்போட்டதை நாளைக்கு அரைத்தே ஆகவேண்டும். ஒருநாள் தள்ளினால் குப்பைக்குத்தான் போகும். அதனால் எந்தப் பண்டிகை வந்தாலும் எங்கள் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், சிலர் வேலைக்கு நின்றுதான் ஆகவேண்டும். தை மாதத்தில் இது இன்னும் கட்டாயம். இரவில் பனியும் பகலில் வெயிலுமாக இருக்கிற இந்த நாட்களில்தான் லிந்துலைப் பக்கத்துத் தேயிலைக்கு வாசம் ஏறும். பொங்கல் என்பதற்காக மெஷினை நிறுத்தத் தோட்டத்துத் துரைக்கு மனம் வராது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஐயா, நீங்கள் கேட்டதற்கெல்லாம் நான் வாயால் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல ஒருவர் சிங்களத்தில் மாற்றிச் சொன்னார். அதில் பாதி வழியிலேயே தொலைந்துபோனது மாதிரி எனக்குப் பட்டது. அதனால்தான் தமிழிலேயே எழுதித் தருகிறேன் என்று கேட்டேன். என் அண்ணன் ஆண்டியப்பன் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி என்னைச் சாதாரண தரப் பரீட்சை வரை படிக்கவைத்தவர். அந்தப் படிப்பு இதற்காவது உதவுகிறது.

பொங்கலுக்கு நாலைந்து நாள் இருக்கும்போது ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிற டீமேக்கர் கஜதீபன் ஐயா எங்களை அரைக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்தினார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனிதர், குரலை உயர்த்தமாட்டார்.

“பொங்கலுக்கும் அடுத்த நாளுக்கும் ஆக்கள் வேணும். ரெண்டு நாளும் இஞ்சையே தங்கி நிக்க வேணும், சாப்பாடு நாங்கள் தருவம். விருப்பமான ஆக்கள் மட்டும் கையைத் தூக்குங்கோ. நான் ஒருத்தரையும் கட்டாயப்படுத்தேல்ல,” என்றார்.

யாரும் தூக்கவில்லை. நானும் தூக்கவில்லை. என்னை அவர் பார்க்கக்கூட இல்லை. அண்ணன் படுக்கையில் விழுந்த பிறகு நான் எந்தப் பண்டிகைக்கும் வேலைக்கு நின்றதில்லை என்று அவருக்குத் தெரியும். “யோசிச்சுப் போட்டு நாளைக்குச் சொல்லுங்கோ,” என்று போய்விட்டார். அந்த யோசனைதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

அண்ணனைப் பற்றிச் சொல்லவேண்டும். பாரிசவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. இடது கை மட்டும் நன்றாக இருந்தது. நான் அந்தக் கைக்கு ஒரு தடியைக் கொடுத்து, கட்டிலைச் சுவரோரமாகப் போட்டேன். தடியால் சுவரில் தட்டினால், வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்தில் இரண்டு பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். நான் வேலையில் இருக்கும்போது அவர்கள்தான் ஓடிவந்து பார்ப்பார்கள். ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு தட்டு என்றால் துணி மாற்றவேண்டும். இதை நான்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். மூன்று தட்டு அவராகவே கண்டுபிடித்தது. முதலில் எங்களுக்குப் புரியவில்லை. தண்ணீர் கொடுத்தால் வேண்டாம் என்று தலையை ஆட்டுவார். துணியைப் பார்த்தால் காய்ந்திருக்கும். பிறகுதான் தெரிந்தது, மூன்று தட்டு என்றால் சும்மா வந்து பக்கத்தில் உட்கார் என்று அர்த்தம்.

அண்ணன் மேல் எனக்குப் பாசம் இருந்தது. இப்போதும் இருக்கிறது. அவரைக் கழுவித் துடைக்க நான் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை, லயத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். பூண்டுலோயாவில் எனக்கு ஒரு பெண் பார்த்தார்கள். அவர்கள் வந்து, வீட்டைப் பார்த்து, கட்டிலைப் பார்த்து, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். அதற்கும் நான் அண்ணனிடம் கோபப்படவில்லை. ஒரு தட்டுக்கும் இரண்டு தட்டுக்கும் எத்தனை தடவை வேண்டுமானாலும் எழும்புவேன். மூன்று தட்டுதான் என்னால் முடியவில்லை. வேலை முடிந்து வந்து உடுப்பு மாற்றுவதற்குள் மூன்று தட்டு. அடுப்பில் கை வைத்தால் மூன்று தட்டு. போய் உட்கார்ந்தால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு அவரிடம் சொல்ல ஒன்றும் இருக்காது. போன தீபாவளியன்று நாள் முழுக்க அப்படித்தான். அன்றைக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதனால் பொங்கலுக்கு என்ன செய்வது என்று நன்றாகவே யோசித்தேன். வட்டகொடையில் இருக்கிற எங்கள் அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

“பொங்கலுக்கு மட்டும் அண்ணன ஒங்க வீட்டுல வச்சிக்கிறீங்களாக்கா? ஆட்டோ நான் புடிச்சி அனுப்புறேன்.”

“எங்க வீட்டுலயே படுக்க எடமில்லடா. மருமகன் வேற வராரு. நீதான் அண்ணன நல்லா பாத்துக்கிறியே, சாமி,” என்றது அக்கா.

எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். நல்லா பாத்துக்கிறியே என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். அதற்கு மேல் நான் யாரைக் கேட்பது? சாயங்காலம் அண்ணனுக்குச் சோறு ஊட்டும்போது அவரிடமே கேட்டேன். “அண்ணே, பொங்கலுக்கு ஸ்டோருல ஆளு கேக்குறாங்க. போவட்டுமா?” அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தடியை எடுத்து மூன்று தட்டுத் தட்டினார். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். மறுநாள் காலை ஸ்டோரில் கை தூக்கினேன். கஜதீபன் ஐயா ஆச்சரியப்பட்டார். “அப்ப தமையனை ஆர் பாக்கிறது?” என்று கேட்டார். பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறேன் என்றேன்.

அப்போது இன்னும் சொல்லியிருக்கவில்லை. பிறகுதான் சொன்னேன்.

எங்கள் வீடு லயத்தின் நடுவில். மேல்பக்கம் அம்மாக்கண்ணு அக்கா, கீழ்ப்பக்கம் கந்தப்பன் மாமாவும் அவர் மனைவி பாக்கியம் அத்தையும். இந்த இரண்டு பெண்களுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. தண்ணீர் பிடிக்கிற பீலியில் யார் முதலில் குடம் வைப்பது என்று தொடங்கிய சண்டை, குடும்பத்தையெல்லாம் இழுத்துப் பேசுகிற அளவுக்குப் போய், இரண்டு வீடும் முகம் பார்ப்பதில்லை. ஒருவர் வாசலில் நின்றால் மற்றவர் உள்ளே போய்விடுவார். இரண்டு பேரோடும் பேசுகிறவன் நடுவீட்டுக்காரனான நான் ஒருவன்தான்.

லயத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. வெளியே தங்கப் போகிறவர்கள் வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார்கள். யாரிடம் சாவி இருக்கிறதோ அவர்களுக்குத்தான் அந்த வீட்டுப் பொறுப்பு. மற்றவர்கள் அதில் தலையிடமாட்டார்கள். தலையிட்டால் மரியாதைக் குறைச்சல்.

அம்மாக்கண்ணு அக்காவிடம் போய், “சாவிய பாக்கியம் அத்தகிட்ட குடுத்திருக்கேங்க்கா. அவுக பாத்துக்குவாங்க,” என்றேன்.

அக்காவுக்குச் சுருக்கென்றது. “ஓ, அவகிட்டயா? நல்லது. நாங்கல்லாம் ஒனக்கு ஆளாத் தெரியல போல,” என்றார்.

பாக்கியம் அத்தையிடம் போய், சாவி அம்மாக்கண்ணு அக்காவிடம் இருக்கிறது என்றேன். “அவகிட்டயே குடு. அந்த மகராசியே வந்து பாக்கட்டும்,” என்று அடுப்படிக்குப் போய்விட்டார்.

சாவி என் இடுப்பில் இருந்தது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீங்கள் பலமுறை கேட்டீர்கள். பண்டிகை நாளில் யாருக்கும் தொந்தரவு கொடுக்க எனக்கு விருப்பமில்லை. அவர்களும் வருசம் முழுக்க ஓடிவந்து பார்த்தவர்கள்தானே.

வேலைக்குப் போகிற காலையில் செய்யவேண்டியதை எல்லாம் செய்தேன். அண்ணனைக் குளிப்பாட்டினேன். புதுச் சாரம் கட்டினேன். நெற்றியில் விபூதி பூசினேன். பிளாஸ்கில் தேத்தண்ணி, போத்தலில் தண்ணீர், பாண், வாழைப்பழம் எல்லாவற்றையும் ஸ்டூலில் எடுத்துவைத்தேன். ஒன்றையும் மறக்கவில்லை. ஸ்டூலைக் கட்டிலுக்கு வலதுபக்கம் வைத்தேன். அது அவருடைய கை விழுந்த பக்கம் என்று நீங்கள் சொன்னீர்கள். சரிதான். இடதுபக்கம் வைத்தால் தட்டிவிட்டுவிடுவார், மெத்தை நனைந்துவிடும் என்று நினைத்தேன். கட்டிலையும் சுவரிலிருந்து நகர்த்தி வீட்டின் நடுவில் போட்டேன். ஈரச்சுவர் பக்கத்தில் இருந்தால் குளிர் கூடுதலாக ஏறும். தடி கண்ணில் குத்திவிடக்கூடாது என்று அதைக் கதவுக்கு வெளியே சாத்திவைத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது, ஐயா. நான் கதவைப் பூட்டும்வரை அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கண்ணில் கோபம் இல்லை. பயம் இருந்தது.

அந்த இரண்டு நாளும் நான் நன்றாக வேலை செய்தேன். கஜதீபன் ஐயாவைக் கேட்டால் சொல்லுவார். தோட்டத்திலேயே சூடான இடம் கொழுந்து வாடப்போடுகிற மேல்மாடிதான். வெளியே புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தபோது நான் அங்கே சாக்கை விரித்துப் படுத்து, யாரும் தட்டி எழுப்பாமல் தூங்கினேன். அந்தத் தூக்கத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சந்தோசமாக இருக்கிறது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? மேல்மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் எங்கள் லயம் தெரியும். எல்லா வாசலிலும் கோலம் போட்டிருந்தார்கள். பொங்கல் பானையில் புகை வந்தது. பாக்கியம் அத்தை வீட்டில் பாட்டுப் பெட்டி சத்தமாகப் பாடியது, கீழே ஸ்டோர் வரை கேட்டது. நடுவீட்டுக் கதவு மட்டும் மூடியே இருந்தது. யாரும் திறக்கவில்லை. கொழுந்தைப் புரட்டிப் போடும் போதெல்லாம் எட்டிப் பார்த்தேன்.

வேலை முடிந்து, மூன்றாம் நாள் காலையில் போய்க் கதவைத் திறந்தேன். கம்பளி தரையில் கிடந்தது. அண்ணன் உடம்பு விறைத்திருந்தது. முதலில் கம்பளியை எடுத்துப் போர்த்திவிட்டேன். கட்டிலைச் சுவரோரம் தள்ளினேன். தடியை எடுத்துக் கையருகே வைத்தேன். பிறகுதான் சத்தம் போட்டேன். குளிர் என்று எல்லோரும் சொன்னார்கள். இந்த வருசத்துப் பனிக்குத் தேயிலையே கருகிப்போயிருக்கிறது, படுக்கையில் கிடந்த மனிதன் எம்மாத்திரம் என்று கந்தப்பன் மாமா சொன்னார்.

அப்படியே முடிந்திருக்கும். ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. எங்கள் ஆட்களிடம் எவ்வளவு பகை இருந்தாலும் இழவு வீட்டில் அதைப் பார்க்கமாட்டார்கள். அம்மாக்கண்ணு அக்கா தலையை விரித்துக்கொண்டு வந்தார். பாக்கியம் அத்தை எழுந்துபோய் அவரைக் கட்டிப்பிடித்தார். இரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் முகத்தை வைத்து ஒப்பாரி சொல்லி அழுதார்கள். எல்லோருக்கும் அதைப் பார்த்துக் கண் கலங்கியது. அழுகைக்கு நடுவிலேயே அம்மாக்கண்ணு அக்கா, “ஒன் கையால கடைசித் தண்ணி குடிச்சிட்டுப் போயிட்டாரேம்மா,” என்றார்.

பாக்கியம் அத்தையின் அழுகை நின்றுவிட்டது. “என் கையாலயா? சாவி ஒங்ககிட்டதானே இருந்திச்சி?” என்றார்.

இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.  அதற்குப் பிறகுதான் கந்தப்பன் மாமா பொலிசுக்கு, உங்களுக்குச் சொல்லி அனுப்பினார்.

நீங்கள் கடைசியாக ஒன்று கேட்டீர்கள். அண்ணனுடைய இடது கை விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்ததாக டாக்டர் சொன்னதைச் சொல்லி, இடையில் ஒருமுறையாவது வீட்டுப் பக்கம் போனாயா என்று கேட்டீர்கள். இல்லை என்று சொன்னேன். அது பொய். இந்த ஒன்றைத் தவிர வேறு எதிலும் நான் பொய் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் கஜதீபன் ஐயா ஒரு டிபன் பெட்டியில் சர்க்கரைப் பொங்கல் போட்டுக் கொடுத்து, “ஒருக்கா போய்த் தமையனுக்குக் குடுத்திட்டு வாரும்,” என்றார். மறுக்க முடியவில்லை. குறுக்குப் பாதையில் ஏறிப் போனேன். லயத்தில் யாரும் இல்லை. எல்லோரும் கோயிலடியில் மாட்டுப் பொங்கலுக்குக் கூடியிருந்தார்கள். கதவுக்குப் பக்கத்தில் போனபோது உள்ளே சத்தம் கேட்டது. கட்டில் பலகையில் தட்டுகிற சத்தம். தடி இல்லாததால் மெல்லத்தான் கேட்டது. மூன்று தட்டு. கொஞ்சம் நின்று, மறுபடியும் மூன்று.

நான் கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். சாவி இடுப்பில் இருந்தது. மூன்று தட்டு ஒரு தட்டாக மாறுகிறதா என்று பொறுத்துப் பார்த்தேன். மாறவில்லை. பிறகு பீலிக்கரையில் போய் உட்கார்ந்து, பொங்கலை நானே சாப்பிட்டு, பெட்டியைக் கழுவிக்கொண்டு வேலைக்குத் திரும்பினேன்.

அவர் ஒரே ஒரு தட்டுத் தட்டியிருந்தால் கட்டாயம் கதவைத் திறந்திருப்பேன், ஐயா. அண்ணன் தண்ணீர் கேட்கவே இல்லை.