குழுவின் முடிவு

எனக்கு நாற்றம் ஆகாது. அபிராமபுரத்தில் எங்கள் மருத்துவமனையின் ஐசியூவுக்கு வந்து பாருங்கள். தரையில் முகம் தெரியும்.

தேசப்பன் பெசன்ட் நகர் குப்பத்து மீனவர். படகு கவிழ்ந்து, மூளைக்குப் பிராணவாயு போகாமல், வென்டிலேட்டரில் கிடந்தார். மனைவி குப்பம்மா மீன் விற்றுவிட்டு நேரே வந்துவிடுவாள். குளித்துவிட்டு வரச் சொன்னோம். குளித்துவிட்டுத்தான் வந்தாள், வாடை போகவில்லை. அவர் வாயோரம் வழியும் கோழையை முந்தானையால் துடைத்துவிட்டு, அதே முந்தானையால் தன் கண்ணையும் துடைத்துக்கொள்வாள். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது.

வென்டிலேட்டரை எடுப்பதா என்பதை எங்களிடம் தனி ஆள் முடிவு செய்வதில்லை. நரம்பியல் மருத்துவர் கைசர் ஜஹான், டாக்டர் கோதண்டபாணி, நான் என்று குழுவாக உட்காருவோம். நல்ல ஏற்பாடு.

கூட்டத்துக்கு முன் நர்ஸ் டயானா என்னிடம் வந்தாள்.

"அந்தம்மா பேசுனா கைய இறுக்கிப் புடிக்கிறாரு சார். நானே பாத்தேன்."

தானாக வரும் அசைவு அது, புத்தி இருப்பதாக அர்த்தமில்லை என்றேன். புதிதாகச் சேர்ந்தவள், நம்பினாள். பிறகு நான் தேசப்பனிடம் போய், கட்டைவிரலைத் தூக்கச் சொன்னேன். தூக்கினார். நகத்துக்கடியில் கறுப்பாக அழுக்கு அப்பியிருந்தது.

கூட்டத்தில் கைசர் ஜஹான், ஏதாவது அசைவு உண்டா என்று கேட்டார். நானே பரிசோதித்தேன், ஒன்றுமில்லை என்றேன். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். யாரையும் நான் வற்புறுத்தவில்லை.

குப்பம்மாவிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"நா பேசுறது எதுனா அதுக்குக் கேக்குதா டாக்டரு?"

"கேக்காதும்மா."

அவளை வெளியே உட்காரவைத்தேன். டயானாவை வேறு வேலைக்கு அனுப்பினேன். குழாயை எடுத்ததும் தேசப்பன் தானாகவே மூச்சுவிட்டார். நான் எதிர்பார்க்கவில்லை. கண் திறந்து கதவுப் பக்கம் பார்த்தார். அவளைக் கூப்பிட்டிருக்கலாம். வலி தெரியாமலிருக்க ஏறிக்கொண்டிருந்த மார்ஃபினைக் கூட்டினேன். மூச்சு நிற்கும்வரை கூட்டினேன். ஆம், கொன்றது நான்தான், முடிவெடுத்தது குழு.

வெளியே குப்பம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளாக விடும்வரை உதறாமல் நின்றேன். இரக்கமில்லாதவன் அப்படி நிற்பானா, சொல்லுங்கள்.