நரைத்த தாடி மாப்பிள்ளை

அமெரிக்காவில், சன்னிவேலில் ரயில் கிளம்பியதும் முன் இருக்கையில் இருந்த தமிழ்ப் பெண்மணி கணவரிடம் சொன்னார்: "நம்ம இருபத்தெட்டு வயசுப் பையனுக்கு நரைச்ச தாடியை ஒட்டிவிட்டா யாருங்க பொண்ணு குடுப்பாங்க?"

என் மடியில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒட்டுக்கேட்பது தவறோ என்று தோன்றியது. எழுந்து போனால் அவள் விழித்துக்கொள்வாள்.

"ஓபராவில பாரிட்டோன்கற கனத்த குரலுக்கு அப்பா வேஷம், இல்லாட்டி வில்லன் வேஷம்தானாம், ஸ்டெல்லா. லவ் பண்றதெல்லாம் மேல் ஸ்தாயில பாடறவன்தான்."

"சர்ச் கொயர்ல பாடிட்டிருந்தவனை, வேலையை விட்டுட்டு ஓபரா ட்ரை பண்ணுன்னது யாரு? பொண்ணு வீட்டுக்காரங்களை அவன் நடிச்சதைப் பாக்கக் கூட்டிட்டுப் போனது யாரு?"

"குரலைக் கேட்டா மயங்கிடுவாங்கன்னு நினைச்சேன்."

"நல்லா மயங்கினாங்க! 'பையனுக்கு நிஜ வயசு என்ன'ன்னு அவங்கம்மா மூணு தடவை கேட்டாங்க."



"அந்தப் பொண்ணு ஆன்ஸரிங் மெஷின்ல என்ன சொல்லியிருந்தா? இன்னொரு தடவை சொல்லு."

"'ஆன்ட்டி, வயசானா அவர் எப்படி இருப்பார்னு பாத்தாச்சு. நாட் பேட்.' அவ்வளவுதான். சிரிச்சுட்டு வெச்சுட்டா."

"அப்ப சரின்னு அர்த்தமா?"

"அதைத்தானே நேத்துலேர்ந்து உங்களைக் கேக்கறேன்!"

சரி என்றுதான் எனக்குப் பட்டது. சொல்லலாமா, கூடாதா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அவர்கள் இறங்க எழுந்துவிட்டார்கள்.

"எதுக்கும் தாடி இல்லாத போட்டோ ஒண்ணு அனுப்பிடலாங்க" என்றார் அந்தம்மா.

"வேணாம்" என்றார் அவர். "அவளுக்குப் பிடிச்சதே அந்தத் தாடியா இருந்தா?"